பழைய டீசல் பிக்கப்: மலை ஏறும்போது மட்டும் இழுவை போனது ஏன்?

என்னுடையது 2.5 லிட்டர் காமன் ரயில் டீசல் பிக்கப், 2010 மாடல். காமன் ரயில் என்றால், டீசலைப் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அழுத்தத்தோடு டீசல் போகும் வகை. சத்தியமங்கலத்தில் தீவன மூட்டை ஏற்றித் தாளவாடி போவது, திரும்பும்போது காய்கறியோடு இறங்குவது, இதுதான் அதற்கு வேலை. மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. தரை ரோட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறும்போது, 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி முடிவதற்குள் இழுவை போய்விடும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டாது. இன்ஜின் லைட் எரியும். ஓரங்கட்டிச் சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும், அடுத்த செங்குத்து வரைக்கும்.

காலி வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால் என்ன தெரியும்? ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றினார்கள். புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வில் கரி அப்பிக் கிடந்தது, அதையும் சுத்தம் செய்தார்கள். ஐடிலிங் சீரானது, அவ்வளவுதான். ஸ்கேனர் போட்டால் பி0087, அதாவது ரயில் என்கிற அந்தப் பொதுக் குழாயில் டீசல் பிரஷர் குறைவு. அந்த எண்ணைப் பார்த்ததுமே 'ஹை பிரஷர் பம்ப் போச்சு' என்று ஓர் இடத்தில் எஸ்டிமேட் நீட்டினார்கள். அந்தக் காசுக்கு இன்னொரு பழைய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.

எனக்கு உறுத்தியது புகை. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் ஹோஸ் கிழிந்திருந்தால், டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்காமல் கரும்புகை தள்ளும். என் வண்டியோ புகையே இல்லாமல் சோர்ந்தது. அப்படியானால் இன்ஜினுக்கு டீசலே போதவில்லை.

எங்கள் பழைய மெக்கானிக் அண்ணனும் அதையேதான் சொன்னார்: "பம்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி, அதுக்கு டீசல் ஒழுங்கா வருதான்னு பார்ப்போம் தம்பி." ஃபில்டருக்கு முன்னால் உள்ளே ஓடும் டீசல் வெளியே தெரிகிற மாதிரி ஒரு ஹோஸை மாட்டி ரேஸ் கொடுத்தார். பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. இந்த வண்டியில் டேங்கிலிருந்து பம்ப் உறிஞ்சித்தான் எடுக்கிறது. அதனால் அந்தப் பக்கம் விரிசல் விட்டால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே குனிந்து ஈரம் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் செய்ததுதான் முக்கியமான சோதனை. டேங்கைத் தவிர்த்துவிட்டு, கெட்டியாகக் கட்டிய ஒரு கேனிலிருந்து நேராக ஃபில்டருக்கு டீசல். மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனும் அதே கேனுக்கு. முழு லோடோடு ஏறினோம். ஸ்கேனரில் இன்ஜின் கேட்கும் பிரஷரும் ரயிலில் இருக்கும் பிரஷரும் கடைசி வளைவு வரை சேர்ந்தே ஓடின. பம்ப் மேல் பழி இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

டேங்கை இறக்கினால், உறிஞ்சு குழாயின் வலையில் பழுப்பாக வழவழவென்று கசடு. சேஸிஸ் ஓரம் வளைகிற இடத்தில் ரப்பர் ஹோஸ் நைந்து வெடித்திருந்தது. விரலால் அழுத்தினால் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஐடிலிங்குக்கு வேண்டிய டீசல் அதில் வந்துவிடும், ஏற்றத்தில் இன்ஜின் கேட்கும் அளவு வராது. டேங்க் கழுவி, ஹோஸ், கிளிப், வாஷர் எல்லாம் புதிதாகப் போட்டும் பம்ப் எஸ்டிமேட்டில் சின்னப் பங்குதான் ஆனது.

அதற்குப் பிறகு மழையும் கோடையும் பார்த்தாகிவிட்டது. அந்த லைட் திரும்ப எரியவில்லை. மைலேஜ் மட்டும் கூடவே இல்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரும் ரிட்டர்னில் விடும் டீசலை அளந்து பார்த்ததில், மூன்றாவது மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகம் விடுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதித்தால் அதைக் கழற்றி, பம்பும் இன்ஜெக்டரும் சரிபார்க்கும் பம்ப் ரூமுக்கு அனுப்ப வேண்டும். இப்போதைக்கு அரை சுற்றிலேயே எடுத்துவிடுகிறது.