‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சி நூல்: ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

அரசுத் தொடக்கப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வை நெருங்கும் இடைநிலை ஆசிரியை நான். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தமிழக அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூலை ஒரே கேள்வியோடுதான் கையில் எடுத்தேன்: தை பிறந்ததும் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய், ஆனியில் திரும்பி வரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் இடம் இருக்கிறதா?

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் வகுப்புக்கு ஒரே பாடநூல்தான். வந்தவரும் வராதவரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும். எல்லோரும் சேர்ந்து உரக்கப் படிக்கும்போது எழுத்தறியாத பிள்ளையின் குரலும் தெளிவாகவே ஒலிக்கும், ஆனால் அணிலின் படத்தைக் கையால் மறைத்துவிட்டு எழுத்தைக் காட்டினால் வாய் நின்றுவிடும்.

ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி கல்வி மையத்தின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல்தான் இந்த ஒரே பக்க வழக்கத்தை முதலில் உடைத்தது. அதில் பிள்ளைகள் ஏணிப் படிகள்போல் வரிசைப்படுத்திய அட்டைகளை ஒவ்வொன்றாக, அவரவர் வேகத்தில் முடித்துப் போவார்கள். பிள்ளைகள் செய்தவற்றைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலையும் அவர்கள் எழுதும் தாழ்வான கரும்பலகையையும் கேலி செய்தவர்கள் உண்டு. தொடக்கத்தில் நானும் செய்திருக்கிறேன். ஆனால் விட்ட அட்டையிலிருந்து பிள்ளை தொடரலாம் என்ற ஏற்பாட்டின் அருமை, நீண்ட விடுப்புக்குப் பின் வந்தவர்களை வைத்துப் பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும். அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி போய்விடும் என்பதும், அது பள்ளியைத் தாண்டி வீட்டுக்குப் போகாது என்பதும் அதன் குறைகள்.

கொரோனாக் கால இடைவெளியை ஈடுகட்ட 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூல், பிள்ளையின் பையில் போகிறது என்பதே எனக்கு முதல் நிறைவு. பயிற்சிகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் அமைந்திருப்பதால், மூன்றாம் வகுப்பில் இருப்பவரும் அரும்பிலிருந்து தொடங்கலாம். பாட்டுக்கும் கதைக்கும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துவிட்டு, எழுதும்போது மட்டும் பிரிகிறார்கள்.

இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். பெயர்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், “நான் இன்னும் அரும்புதானா, டீச்சர்?” என்று கேட்கும் பிள்ளைக்கு வரிசை புரிந்துவிடுகிறது, ஆகவே நிலையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நான் நிறுத்திவிட்டேன். அடுத்தது ஆள் கணக்கு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் இருவர் பார்க்கும் இடத்தில், ஒருவர் விடுப்பில் போனால் மூன்று நிலைகளும் ஒரே சத்தமாகிவிடும். ஆனால் இதை நூலின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது.

சென்ற தையில் சூளைக்குப் புறப்பட்ட இருவரின் பையிலும் நூலை வைத்து அனுப்பினேன். ஒன்று முழுவதும் எழுதப்பட்டுத் திரும்பி வந்தது. மற்றொன்று செம்மண் படிந்து, கழித்தல் கணக்கில் பாதியோடு நின்றிருந்தது. அவனுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கினேன்.