கல்லுக்கட்டி ரூட்டர் கடை: 180 ரூபாயில் பிழைத்த பெட்டி

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ‘ரூட்டர், மோடம் பழுது பார்க்கப்படும்’ என்று சுவரில் பெயின்ட்டால் எழுதியிருக்கும், அதில் ‘ழு’ உதிர்ந்துவிட்டது. ஒரே ஒரு ஸ்டூல், அதன்மேலும் ஏதோ டிவி போர்டு. நின்றுகொண்டேதான் பேச வேண்டும்.

நான் பள்ளத்தூரில் வீட்டிலேயே மணகோலம், சீப்புச் சீடை என்று பலகாரம் சுட்டு அனுப்புகிறேன். ஆர்டர் வாட்ஸ்அப்பில், பணம் ஜிபேயில். வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு) செல்போன் சிக்னல் எட்டிப் பார்க்காது என்பதால் எல்லாமே வைஃபையை நம்பித்தான். போன மாதம் ரூட்டர் ஒரு விளையாட்டு ஆரம்பித்தது. விளக்கெல்லாம் எரியும், ஐந்து நிமிஷம் நெட் வரும். யாராவது வீடியோ கால் போட்டால் போதும், மொத்தமாக அணைந்து முதலிலிருந்து கிளம்பும். வேறொரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் “போர்டு போச்சு, புதுசு 2,200” என்றார்கள்.

கல்லுக்கட்டிக் கடைக்காரர் முதலில் கையிலெடுத்தது அடாப்டரை. மீட்டரில் 12 வோல்ட் காட்டியது. “இருங்க ஆச்சி” என்று ரூட்டரைச் சொருகி, அது ஓடும்போதும் அளந்தார். அப்போதும் 12. சும்மா இருக்கையில் 12 காட்டிவிட்டு, பாரம் ஏறியதும் தொங்கிப் போகிற அடாப்டர்கள்தான் அவரிடம் நிறைய வருமாம். நம்முடையது அந்த ரகமில்லை.

அப்புறம் ரப்பர் காலைப் பிய்த்தார், அதற்கடியில் ஒளிந்திருந்தது ஸ்க்ரூ. அவ்வளவு பெரிய பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, மற்றதெல்லாம் காற்று. நடுவில் அலுமினியத் தகட்டைத் தலையில் சுமந்திருப்பது பிராசசர். பக்கத்தில் ரேம், கரன்ட் இருக்கும்வரை மட்டும் நினைவு வைத்திருக்கும் சிப். எறும்பு மாதிரி எட்டுக் காலோடு ஒரு ஓரமாக இருந்த சிப்தான் ஃபிளாஷ். ரூட்டரின் மென்பொருளும் நாம் வைத்த பாஸ்வேர்டும் அதற்குள் இருப்பதால் கரன்ட் போனாலும் மறப்பதில்லை. கேபிள் சொருகும் இடத்துக்குப் பின்னால் கறுப்புக் கட்டிகள் இருந்தன. குட்டி டிரான்ஸ்ஃபார்மர்களாம். கேபிளுக்கும் போர்டுக்கும் நேரடித் தொடுப்பே இல்லை, சிக்னல் காந்தத்தால்தான் தாண்டுகிறது. 1,500 வோல்ட் வரைக்கும் தடுத்து நிறுத்த வேண்டும் என்று விதியே இருக்கிறதாம். நேரே தலையில் இறங்கும் இடிக்கு இதெல்லாம் காணாது, அது வேறு.

பவர் நுழையும் இடத்தில் இரண்டு குட்டி டப்பாக்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். ஒன்று வெள்ளைப் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. கெப்பாசிட்டர். “கரன்ட்டுக்கு இது ஊருணி மாதிரி ஆச்சி. வைஃபை திடீர்னு இழுக்கும்போது இதிலேர்ந்துதான் குடுக்கும்” என்றார். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் வற்றிவிட்டால் இழுக்கிற நேரத்தில் வோல்டேஜ் விழும், பிராசசர் மயங்கி எழுந்திருக்கும். வீடியோ கால் மர்மம் அங்கே தெளிந்தது. 85 டிகிரி தாங்கும் பழையதை எடுத்துவிட்டு, அதே அளவில் 105 டிகிரி தாங்குவதை வைத்து ஈயம் வைத்தார். 180 ரூபாய்.

சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்டார், சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. முகப்பில் விளக்கு மாடத்துக்குள் ரூட்டரை வைத்து, மேலே குரோஷா துணியும் போர்த்தியிருந்தேன். மூன்று பக்கமும் இரண்டடிச் சுவர். சூடும் வெளியே போகாது, சிக்னலும் போகாது.

ரூட்டர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறது என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. வெளி உலகத்துக்கு நம் வீட்டுக்கு ஒரே முகவரிதான். உள்ளே போன், டிவி, மகளின் லேப்டாப் எல்லாவற்றுக்கும் ரூட்டரே தனித்தனி முகவரி கொடுக்கிறது. எங்கள் அப்பச்சி காலத்தில் ஒரே வளவில் ஆறு புள்ளி, அதாவது கல்யாணமான ஆறு குடும்பங்கள், இருந்தார்கள். பர்மாவுக்கு யார் கடிதம் போட்டாலும் முகப்பில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை குறித்துக்கொள்வாராம். பதில் வந்ததும் உரியவர் கைக்குப் போய்விடும். ரூட்டரும் அதே கணக்குப்பிள்ளைதான். ஆனால் இவருடைய பேரேடு ரேமில் இருக்கிறது, அணைந்தால் அழிந்துபோகும். வீடியோ கால் நடுவில் அறுந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் கட்டில் சிக்னல் இல்லை என்றதும், மூன்று தடவை போன் போட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவரில் துளை போட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார், ஆனாலும் காலரி வழியாக உத்தரத்தை ஒட்டியே கேபிளை இழுத்து, பரணில் கிடந்த பழைய ரூட்டரை அங்கே மாட்டினார். முகவரி கொடுக்கும் வேலையை அதில் அணைத்துவிட்டு, வெளி இணைப்புக்கான வேன் (WAN) ஓட்டையில் அல்லாமல், வீட்டுக்குள் இணைப்புக்கான லேன் (LAN) ஓட்டையில் கேபிளைச் சொருக வேண்டுமாம். ஒரு வீட்டுக்கு இரண்டு கணக்குப்பிள்ளை கூடாது, சரிதானே. கேபிள் விலை போக 500 வாங்கினார். வைஃபை அலைவரிசை இரண்டில் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் எங்கள் சுவரைத் தாண்டித் தேறுவதில்லை. முற்றம் திறந்திருப்பதால் அந்தப் பக்கம் மட்டும் பரவாயில்லை. சமையல்கட்டில் இப்போது தூரம் போகிற 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், எனக்கு அது போதும்.

குறை இல்லாமலில்லை. சாயங்காலம் தருகிறேன் என்றால் மூன்றாம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் கேட்டால் சிரிப்பார். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், உள்ளே தூங்குவார், தட்டினாலும் எழ மாட்டார்.

போகிறவர்கள் அடாப்டரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். முதல் நாள் ரூட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போன என்னை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் காசு தப்பித்தது. ஊறப்போட்டிருந்த உளுந்துதான் புளித்துப் போனது.