சூரியனின் காந்தப்புலத்தை அளக்க ஸீமனா, ஹான்லேயா?

சூரியனுக்குப் போய்க் காந்தமானியை வைக்க முடியாது. அங்கிருந்து வரும் ஒளியின் தளவிளைவில், அதாவது ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதில், காந்தப்புலம் விட்ட தடத்தைத்தான் படிக்க வேண்டும். படிக்க இரண்டு வழிகள்.

முதலாவது, 1896-இல் கண்ட ஸீமன் விளைவு. புலத்தில் அணுவின் ஆற்றல் மட்டங்கள் பிரிய, நிறமாலைக் கோடும் (ஒளியை நிறம் பிரித்தால் குறிப்பிட்ட அலைநீளத்தில் தெரியும் மெல்லிய கோடு) பிரியும். புலம் நம்மை நோக்கியிருந்தால், பிரிந்த இரு கூறுகளும் எதிரெதிராகச் சுழலும் வட்டத் தளவிளைவோடு வரும். 1908-இல் ஜார்ஜ் எல்லரி ஹேல் சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை நிறுவியது இதை வைத்துத்தான். கணக்கும் கைக்கு அடக்கம்: ஒளியின் செறிவையும் தளவிளைவையும் சொல்லும் நான்கு ஸ்டோக்ஸ் அளவுகள், அவற்றைப் பிணைக்கும் 4×4 அணி, ஒளி வளிமண்டலத்தைக் கடப்பதற்கு 1956-இல் வானியலாளர் உன்னோ எழுதிய கடத்தல் சமன்பாடுகள்.

ஆனால் 6302.5 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) இரும்புக் கோட்டைக் கிட்டத்தில் பாருங்கள். 1000 காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்தில் ஒவ்வொரு கூறும் நகர்வது சுமார் 0.046 ஆங்ஸ்ட்ராம். கோட்டின் அகலமே ஏறத்தாழ 0.1. பத்து காஸ் என்றால் பிரிவு கண்ணுக்கே தெரியாது. வட்டத் தளவிளைவின் மெல்லிய சாயல்தான் மிஞ்சும். அதிலும் ஒரே படப்புள்ளிக்குள் மேல்நோக்கிய புலமும் கீழ்நோக்கிய புலமும் சம அளவில் கலந்திருந்தால் இரண்டு சைகைகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். கருவி பூஜ்யம் காட்டும். புலம் அங்கேயேதான் இருக்கும்!

ஹான்லே விளைவு கைகொடுப்பது இங்கேதான். 1924-இல் வில்ஹெல்ம் ஹான்லே விளக்கியது. சிதறிய ஒளிக்குக் காந்தமே இல்லாமலும் நேர்கோட்டுத் தளவிளைவு உண்டு. கிளர்ந்த அணு ஒளியை உமிழ்வதற்குள் புலம் அதைச் சற்றே சுழற்றிவிட்டால் அந்தத் தளவிளைவு குறையும், தளமும் திரும்பும். எதிரெதிர்ப் புலங்கள் கலந்திருந்தாலும் குறைவு குறைவுதான், அழிந்துபோகாது. 4607 ஆங்ஸ்ட்ராம் ஸ்ட்ரான்சியம் கோடு இருபது சொச்சம் காஸிலேயே நன்றாக அசையும். அமைதியான பகுதிகளில் சராசரியாக 130 காஸ் அளவுக்குச் சிக்கலான புலம் ஒளிந்திருக்கிறது என்று 2004-இல் கணித்தது இந்தக் கோட்டை வைத்துத்தான்.

சரி, விலை? சைகை சூரிய விளிம்பருகே கூட ஒன்றிரண்டு சதவீதம்தான். புலம் இல்லாதிருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை மாதிரி வளிமண்டலம் போட்டுக் கணித்தாக வேண்டும். அது பிசகினால் விடையும் பிசகும். அப்புறம், சில நூறு காஸ் தாண்டினால் வலிமையைப் பற்றி இந்தக் கோடு எதுவும் சொல்லாது.

சூரியப் புள்ளிக்கு ஸீமன்தான், யோசிக்கவே வேண்டாம். அமைதியான பரப்பில் ஸீமன் காட்டும் பூஜ்யத்தை நான் நம்பமாட்டேன், அங்கே ஹான்லே. சூரியப் பிழம்புகளுக்கு (சூரியப் பரப்புக்கு மேலே தொங்கும் வாயு மேகங்கள்) 10830 ஆங்ஸ்ட்ராம் ஹீலியம் கோட்டை எடுப்பேன்: அதன் வட்டத் தளவிளைவு ஸீமனையும் நேர்கோட்டுத் தளவிளைவு ஹான்லேயையும் சேர்த்தே கொண்டுவரும்.