கொரோலா 110: மீண்டும் 5ஏ என்ஜினா, 4ஏக்கு மாறுவதா?

1500 சிசி டொயோட்டா கொரோலா 110 காரின் 5ஏ என்ஜின் புகை தள்ளத் தொடங்கினால், அதே என்ஜினை மாற்றுவதா, 4ஏ போடுவதா என்ற கேள்வி வரும். இரண்டும் ஒரே குடும்பத்து என்ஜின்கள். பிஸ்டன் ஓட்டம் இரண்டிலும் 77 மி.மீ.; சிலிண்டர் விட்டம் 5ஏ-எஃப்இயில் 78.7, 4ஏ-எஃப்இயில் 81. அதனால் 1498 சிசி, 1587 சிசி.

பொருத்தம்
5ஏ: பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினால் சரி.
4ஏ: அதே கியர்பெட்டியில் பூட்டும். ஆனால் என்ஜின் கம்ப்யூட்டர், வயர் தொகுதி, டிஸ்ரிபியூட்டர், ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாம் ஒரே என்ஜினோடு வர வேண்டும். டொயோட்டா கரீனா காரின் லீன் பேர்ன் (குறைந்த பெட்ரோல் கலவையில் எரியும்) வகையென்றால் அதன் சென்சரும் கட்டாயம். இல்லாவிட்டால் ஐட்லிங் நிலையாக இருக்காது.

உதிரிப்பாகம்
தவறு நடப்பது ஹெட் கஸ்கட்டில்தான் (சிலிண்டர் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கும் அடைப்புத் தகடு). வெளித்தோற்றம் ஒன்றுபோலிருக்கும். 5ஏ கஸ்கட்டை 4ஏயில் போட்டால் வளைய விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டி, சூட்டில் எரியும். கடையில் கார் மொடலைச் சொல்லாதீர்கள். புளொக்கில் உள்ள என்ஜின் எழுத்தைச் சொல்லுங்கள்.

இழுவை
கல்முனை, அக்கரைப்பற்றுச் சமதரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. செங்கலடியிலிருந்து மலைநாட்டுப் பதுளைக்கு ஆள் நிறைத்து ஏறுபவருக்கு 4ஏ உதவும்.

செலவு
4ஏக்கு வயரிங் கூலி கூடும்.

ஊருக்குள் ஓடுபவர் 5ஏயிலேயே நிற்கட்டும். அடிக்கடி மலையேறுபவர், முழுத் தொகுதியும் கிடைத்தால் மட்டும் 4ஏ எடுக்கலாம். எதுவானாலும், உப்புக்காற்றில் பச்சை பிடித்த எர்த் முனைகளைச் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். புதிய என்ஜின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாவிட்டால் விற்கும்போது கார் சிக்கும்.