348 யூனிட் போச்சு: வீட்டில் சார்ஜர் இல்லாமல் மின்சார கார் வாங்கப் போகிறவர்கள் படிங்க

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, 9 சதவீத பேட்டரியோடு ஒரு செத்த சார்ஜிங் மெஷின் முன்னால் நின்றேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என்ன செய்யணும், எதைச் செய்யக் கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்க.

இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு, கார் நிற்பது தெருவோரம். வயர் இழுக்க வழியில்லை. கார் எடுக்கும்போதே இதைச் சொன்னேன். ஷோரூமிலேயே ஒரு சார்ஜிங் ஆப்காரர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். என் போனைக் கையில் வாங்கி, மேப்பைத் திறந்து, வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகளை, அதாவது வேலை செய்யும் சார்ஜிங் மெஷின்களை, விரலால் பெரிசாக்கிக் காட்டினார். "இது உங்க வீட்டு பிளக் பாயின்ட் மாதிரிதான் சார். 400 யூனிட் பேக்கா எடுத்தா மலிவு." எடுத்தேன். நிபந்தனைகளைப் படிக்கவில்லை, பச்சையை மட்டும் பார்த்தேன்.

என் பேட்டரி 40 யூனிட். 10லிருந்து 80 சதவீதம் ஏற 28 யூனிட் வேண்டும். மெஷின் 60 கிலோவாட், கணக்குப்படி அரை மணி நேரம். ஆனால் அதில் இரண்டு கன், அதாவது காரில் மாட்டும் சார்ஜிங் முனை. பக்கத்தில் இன்னொருவர் மாட்டியதும் எனக்கு 30 கிலோவாட்தான் வந்தது. 80 சதவீதத்தைத் தாண்டினால் சார்ஜ் ஏறும் வேகத்தைக் காரே குறைத்துக்கொள்ளும். அது மெஷின் குற்றமில்லை, சரி. ஆனால் வீட்டில் சார்ஜர் இருப்பவருக்கு இதெல்லாம் தூங்கும்போது நடந்து முடியும். நமக்கு சீட்டில் உட்கார்ந்தே விடியும்.

இரண்டு தடவையில் 52 யூனிட் ஏற்றினேன். அவ்வளவுதான். மூன்றாம் தடவை ஒரு மெஷினில் திரையே கறுப்பு. இன்னொன்றில் "இணைக்கிறது... இணைக்கிறது... தோல்வி". போதாததுக்கு கன் உள்ளேயே பூட்டிக்கொண்டது. காரைப் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து, ஆறாவது தடவைதான் கழன்றது.

போன் போட்டால், "ஆப்பை அழிச்சிட்டு மறுபடி போடுங்க சார்." மறுபடி கூப்பிட்டால், "உங்க கார்ல கோளாறா இருக்கும்." இதே காருக்கு இதே கன்தானே போன வாரம் 28 யூனிட் ஏற்றியது! பிறகு ஒரு புகார் எண், 48 மணி நேரம் பொறுங்கள் என்று. மூன்றாம் நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். அதை நம்பித்தான் நேற்று ராத்திரி போனேன். அதே கறுப்புத் திரை. ஆப்பில் மட்டும் பச்சை.

காலையில் பணத்தைக் கேட்டேன். "பேக்ல மீதி ரீஃபண்ட் கிடையாது. 90 நாள்ல காலாவதி. வேணும்னா எங்க அடுத்த ஸ்டேஷன்ல போட்டுக்கோங்க." அது 22 கிலோமீட்டர் தள்ளி. 348 யூனிட், மொத்தப் பணமும் முதலிலேயே கட்டியது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமையில்லை. பேக் எடுக்காதீங்க, அன்றன்றைக்குக் கட்டுங்க. மேப்பை நம்பாதீங்க, கார் வாங்கும் முன்பே ராத்திரியில் நேரில் போய் அங்கே ஏற்றுகிறவர்களிடம் பேசுங்க. 20 சதவீதத்துக்குக் கீழே விடாதீங்க. திரையை வீடியோ எடுத்து வைங்க. நான் எடுக்கவில்லை.

கார் இப்போது கீழே 8 சதவீதத்தில் நிற்கிறது. இன்னும் 19 கிலோமீட்டர்தான் ஓடும் என்கிறது மீட்டர்.