போட்டிக் குதிரைகளுக்கான நாசி பிசிஆர் பரிசோதனைச் சேவை: ஒரு பருவம் பயன்படுத்திய பிறகு

எங்கள் லாயத்தில் போட்டிக்குச் செல்லும் ஐந்து குதிரைகளுக்கும் கடந்த பருவம் முழுவதும் ஓர் ஆய்வகத்தின் நாசி பிசிஆர் பரிசோதனைச் சேவையை, அதாவது மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சேவையைப் பெற்றோம். இருமுகிற குதிரையை மட்டுமன்றி, வயிறாரத் தின்று சுறுசுறுப்பாக ஓடும் குதிரையையும் சோதிக்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துகிறார்கள். அது முற்றிலும் சரி.

குதிரை ஹெர்பஸ் வைரஸ் ஒருமுறை தொற்றினால் வாழ்நாள் முழுவதும் உடலுக்குள் உறங்கிக் கிடக்கும். நெடும்பயணமும் புதிய இடமும் தரும் அலைக்கழிப்பில் அது விழித்தெழுந்து, குதிரைக்குச் சளியோ காய்ச்சலோ இல்லாதபோதும் மூக்கின் வழியே வெளியேறக்கூடும். தடுப்பூசி போட்ட குதிரையும் இன்ஃபுளுயன்ஸாவை அடையாளமின்றிப் பரப்பலாம். 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த தாண்டல் போட்டியில் இந்த வைரஸின் ஒரு வகையான ஹெர்பஸ்-1 பரவிப் பல குதிரைகள் மாண்டதையும், அதனால் ஐரோப்பாவில் சர்வதேசப் போட்டிகள் நிறுத்தப்பட்டதையும் குதிரை வளர்ப்போர் எளிதில் மறக்கமாட்டார்கள்.

மாதிரி எடுக்கும் பெட்டி நன்றாக வடிவமைக்கப்பட்டுள்ளது. குதிரையின் நாசித் துவாரத்தின் மேற்புறத்தில் முட்டுச் சந்து போன்ற ஒரு பை உண்டு. பழகாதவர் கையில் பஞ்சுக்குச்சி அங்கேதான் போய் நிற்கும். எங்கள் பராமரிப்பாளர் முதல் நாள் எடுத்த குச்சி, வைக்கோல் தூசியுடன் காய்ந்தே வெளிவந்தது. பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்து, கீழ்ப்புறமாக உட்சுவரை ஒட்டிச் செலுத்திய பிறகே ஈரமான மாதிரி கிடைத்தது.

இரண்டாவது போட்டி முடிந்து திரும்பியதும், குதிரைக்கு இயல்பான 37.8 டிகிரி வெப்பத்துடன் தீவனத்தை மிச்சமின்றித் தின்றுகொண்டிருந்த எங்கள் பத்து வயதுப் பெண்குதிரைக்கு ஹெர்பஸ்-4 இருப்பதாக முடிவு வந்தது. அவளைத் தனியே கட்டி, வாளியையும் தேய்ப்பானையும் பிரித்து, மற்றவற்றுக்குக் காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்தோம். மூன்றாம் நாள் அடுத்த அறையிலிருந்த குதிரைக்கு 39.1 காட்டியது. அவளைச் சோதிக்காதிருந்தால், அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆனால், ஒரே நாளில் தருவதாகச் சொன்ன அந்த முடிவு மூன்றாம் நாள்தான் கைக்கு வந்தது. அதற்குள் ஐந்தும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டிருந்தன. அறிக்கையிலும் 'உண்டு', 'இல்லை' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. வைரஸின் அளவைக் குறிக்கும் எண்ணைத் தந்திருந்தால், குதிரை எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதை எங்கள் கால்நடை மருத்துவர் ஓரளவு கணித்திருப்பார்.

இதைவிட என்னைக் கவலைகொள்ளச் செய்வது, படிவத்திலுள்ள 'ஸ்ட்ராங்கிள்ஸ் இல்லை' என்ற வரி. ஸ்ட்ராங்கிள்ஸ் என்பது குதிரைகளிடையே எளிதில் பரவி, தொண்டைப் பகுதியில் கட்டிகளை உண்டாக்கும் பாக்டீரியா நோய். அந்நோயிலிருந்து தேறிய குதிரைகள் சிலவற்றில் பாக்டீரியா தொண்டையின் இருபுறமுள்ள காற்றுப் பைகளில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும். எண்டோஸ்கோப் செலுத்தி அப்பைகளைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தால்தான் நம்பிக்கையுடன் சொல்ல முடியும். ஒரேயொரு நாசி மாதிரியை வைத்து அப்படி எழுதுவது, நோயைச் சுமக்கும் குதிரையை மற்ற குதிரைகளிடையே அனுப்புவதற்கு வழிவகுக்கும்.

ஹெர்பஸ், இன்ஃபுளுயன்ஸா இரண்டுக்கும் அடுத்த பருவத்திலும் இச்சேவையையே பெறப்போகிறோம். ஸ்ட்ராங்கிள்ஸ் பரிசோதனையை மருத்துவரிடமே விட்டுவிட்டோம். அந்த வரியைத் திருத்தும்படி ஆய்வகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.