மங்கலுக்கு ஆங்கிலம்: திருகோணமலைச் சொல்லட்டைகள்

திருகோணமலைப் படகு வழிகாட்டிகளுக்கான ஆங்கில வகுப்பில் விற்கும் இந்தச் சொல்லட்டைகள் வாங்கத் தகுந்தவை. ஒரு திருத்தம் மட்டும் கட்டாயம் வேண்டும். 'மிஸ்ட்' (mist), 'பொக்' (fog), 'ஹேஸ்' (haze) மூன்றுக்கும் 'மூடுபனி' என்றே போட்டிருக்கிறார்கள். பார்வை 1 கிலோமீற்றருக்குள் அடைபட்டால்தான் பொக். அதற்கு மேலும் தெரிந்தால் மிஸ்ட். இரண்டும் நுண்ணிய நீர்த்துளிகள். ஹேஸ் என்பது தூசியும் புகையும்தான்; அதில் ஈரம் கிடையாது. கடலில் இதை மாற்றிச் சொல்வது ஆபத்து.

'மர்க்கி' (murky) அட்டை அருமை! மாரியில் மகாவலி ஆறு வந்து விழுந்து கலங்கிய கொட்டியாரக் குடாத் தண்ணீரைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். பல்பு மங்கினால் 'டிம்', தண்ணீர் கலங்கினால் 'மர்க்கி'. இனிக் குழப்பம் வராது.

'ஃபெயின்ட்' அட்டையில் மங்கல் மட்டுமே உண்டு. மயங்கி விழுவதற்கும் அதே சொல்தான், பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.